கொடுத்த உரிமையைப் பறிக்கலாமா?

மக்களுக்கு வாக்குரிமை அளித்தவர், அவர்களது தீர்ப்புப் பிடிக்கவில்லை என்பதற்காக அதைத் திரும்பப் பறிக்கலாமா? தென்னமெரிக்காவில் 1966 வரை இருந்த பிரித்தானிய கயானாவின் வரலாறு இக்கேள்வியை எழுப்புகின்றது.

1953 ஏப்ரலில் அங்கு வயதுவந்தோர் அனைவரும் முதன்முறையாக வாக்களித்தனர். 24 ஆசனங்களில் 18ஐ டாக்டர் செடி ஜகனின் மக்கள் முற்போக்குக் கட்சி வென்றது. அக்கட்சி பொதுவுடைமை ஆட்சியை நிறுவிவிடும் என்று இலண்டன் அஞ்சியது. ஒக்டோபரில் துருப்புகள் வந்திறங்கின, அரசியலமைப்பு இடைநிறுத்தப்பட்டது. 133 நாட்களே பதவியிலிருந்த அமைச்சர்கள் நீக்கப்பட்டனர், சட்டசபையும் மறைந்தது.

பாடசாலைகள் மீது திருச்சபைகளுக்கிருந்த பொறுப்பை நீக்க அக்கட்சி முனைந்ததால் கிறிஸ்தவர்களும் கலங்கினர். அக்கலக்கம் நியாயமானதே. எனினும் பாடசாலைகளுக்காக வாதாடுவதற்கும் மக்கள் தெரிவுசெய்த சபையே தகுந்த இடம். அது மூடப்பட்டபோது இரு தரப்பாருமே அவ்விடத்தை இழந்தனர்.

தன் குரல் கேட்கப்படாமலே கீழ்ப்படியும்படி எக்குடிமகனும் கட்டாயப்படுத்தப்படலாகாது என்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1944ஆம் ஆண்டு நத்தார் செய்தியில் போதித்தார். இவ்வுரிமை நமக்கு உகந்தோருக்கு மட்டும் உரியதன்று.

1957இல் மீண்டும் தேர்தல் நடந்தது. கட்சி பிளவுபட்டிருந்தும் ஜகனின் பிரிவே வென்றது. பலவந்தம் மக்களின் மனங்களை மாற்றவில்லை.

அயலவனின் வாக்கு நமக்குக் கசந்தாலும் அதை மதிப்பது நீதியின் கடன். அவனுக்கு மறுக்கப்படுவது நாளை நமக்கும் மறுக்கப்படலாம்.