மூகரும் முன்வினையும்

பிறவி ஊமையான ஒருவர் காஞ்சி காமாட்சியின் அருளால் வாய் திறந்து ஐந்நூறு சுலோகம் பாடினார் என்பது தலமரபு. அவர்தான் மூகர், நூல் மூகபஞ்சசதி. ஆட்டிசத்தால் பேச்சு வராத பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இந்தக் கதை நம்பிக்கை தருகிறது, கூடவே சுமையும் ஏற்றுகிறது. அருளால் பேச்சு வருமென்றால், வராத வீட்டில் ஏதோ தோஷம் என்றுதானே ஆகும்? பெற்றவர்கள் செய்த பாவம் பிள்ளை தலையில் விடிந்தது என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. குற்றவாளியைத் தேடும் இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. 1943இல் ஆட்டிசம் உள்ள 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய மனநல மருத்துவர் லியோ கானர், இது பிறவியிலேயே அமைந்தது என்றார். பெற்றோரிடம் பாசம் குறைவு என்றும் ஒரு வரி சேர்த்தார். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ஆட்டிசம் பற்றி ஒரு நூலே எழுதி, பெற்றவள்மேல் பழியைப் போட்டார். 1977இல் பிரிட்டனில் ஃபோல்ஸ்டீன், ரட்டர் என்ற ஆய்வாளர்கள் இரட்டையரை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்கும் ஆட்டிசம். வெவ்வேறு கருவில் உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படியில்லை. இரண்டு வகையிலும் இரட்டையர் இருவருக்கும் ஒரே வீடு, ஒரே தாய்; வேறுபட்டது மரபணு ஒற்றுமைதான். எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் பின்னால் வந்த பெரிய ஆய்வுகளும் மரபணுவின் பங்கையே உறுதி செய்தன. மூளை வளரும் விதமே வேறு, வளர்ப்பில் பிழையில்லை.

அந்த மரபணு ஏன் இந்தப் பிள்ளைக்கு வாய்த்தது, அதுவும் வினைதானே என்று கேட்கலாம். இதற்கு அறிவியலில் பதிலில்லை. ஆனால் வினையை நம்புகிறவர் அதை முழுதாக நம்பட்டும். சைவ சித்தாந்தப்படி அவரவர் வினை அவரவருக்கே. அதைக் கணக்குப் பார்த்து ஊட்டுபவன் இறைவன். பெற்றவர் பாவம் பிள்ளைக்கு என்பது அங்கேயே அடிபடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் கையில் அந்தக் கணக்கேடும் இல்லை. பரிகாரம் செய்த பிறகு பேசினானே என்பார்கள். கானர் பார்த்த 11 பேரில் 8 பேர் எந்தப் பரிகாரமும் இல்லாமலே பேசினார்கள். பேச்சு தாமதமாக வருவதும், சிலருக்கு வராமலே போவதும் இந்த வளர்ச்சியின் இயல்பு. வேண்டுதலில் தவறில்லை, அது பலிக்கட்டும் என்று பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடுவதுதான் தவறு. பரவலாகச் சொல்லப்படும் கதை, மூகர் யார் பாவத்தால் ஊமையானார் என்று கேட்கவே இல்லை. நாமும் கேட்க வேண்டாம். மேளத்துக்கும் மணியோசைக்கும் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையைத் தரிசன வரிசையில் கண்டால், முன்னே போக வழி விடுங்கள்.