மறைந்து நிற்றல் பொய்யாகுமா?
(கரைப்பறவைகளை முன்னிட்டு ஓர் அறவியல் நோக்கு)

திருகோணமலை மாவட்டத்தின் வடகோடியிலே, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் கொக்கிளாய்க் களப்பும் அணைந்திருக்க அமைந்த ஊர் புல்மோட்டை. அதன் கடற்கரை மணலிலே இல்மனைற்று, உரூத்தைல், சிர்க்கன் ஆகிய கனியங்கள் செறிந்துள்ளமையும், அவற்றைப் பிரித்தெடுக்கவென 1957ஆம் ஆண்டில் அரச கூட்டுத்தாபனமொன்று நிறுவப்பட்டமையும் பாடநூல் வாயிலாக நம்மிற் பலர் அறிந்தவை. ஆயின், ஊர்ப்பெயர் சுட்டுவது அந்த மணலையன்று. மோட்டை என்பது நீர் தேங்கும் சிறு பள்ளத்தைக் குறித்து இப்பகுதி ஊர்ப்பெயர்களிலே வழங்கும் சொல். புல்லும் தேங்கிய நீரும் ஒருங்கே அமைந்தவிடத்தே கரைப்பறவைகளும் வந்து சேர்தல் இயல்பு. கொக்கிளாய்க் களப்பு 1951ஆம் ஆண்டிலேயே பறவைகளின் புகலிடமாகப் பிரகடனப்படுத்தப்பட்டமை இதனை நன்கு காட்டும்.

மாரி மழை ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில், அவ்வூர் முதியவர் ஒருவருடன் களப்பின் ஓரமாக நடந்து செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சேறும் காய்ந்த புல்லும் அன்றி வேறொன்றும் என் கண்ணிற் படவில்லை. முதியவர் கையால் என்னைத் தடுத்து நிறுத்தினார். நான் அடுத்து அடியெடுத்து வைக்கவிருந்த இடத்துக்கு நான்கு முழத்துக்கு அப்பால், சேற்றின் நிறமே தன் நிறமாகக் கழுத்தை உள்ளிழுத்து நின்றது ஒரு கொக்கு. மறுகணமே அது எழுந்து பறந்தது. மண்கட்டியாய்க் கிடந்த ஒன்று வெண்சிறகு விரித்து வானில் எழுந்தாற் போன்றிருந்தது அக்காட்சி. அதன் பெயரை வினவினேன். “குருட்டுக் கொக்கு” என்றார். ஆள் மிக அணுகும் வரை அசையாது நிற்பதால் அதற்குக் கண் தெரியாதென எண்ணி மக்கள் இட்ட பெயர் அது. சிறிது நேரங்கழித்து அவரே, “தம்பி, குருடு அதுக்கு இல்லை, நமக்குத்தான்” என்றார்.

இக்கட்டுரை அச்சொல்லிலிருந்தே பிறந்தது. காண்பவனைக் குருடனாக்கி நிற்கும் அப்பறவை அவனை ஏமாற்றுகின்றதா? தன்னை மறைத்துக்கொள்ளுதலும் பொய்யின் ஒரு வகைதானா? அவ்வாறாயின் அஞ்சி மறைந்து வாழ்ந்த மனிதரைப் பற்றி நாம் என் சொல்வோம்?

முதற்கண் பறவைகளின் இயல்பை நோக்குவோம். நான் கண்ட குளக்கொக்கு நிற்கையில் மண்ணிறமும் கோடுகளுமாய்த் தோன்றும். சிறகும் வாலும் வெண்மையாயினும் மடித்த நிலையில் அவ்வெண்மை வெளித்தெரியாது. குருகினத்தின் செயல் இதனினும் நுட்பமானது. மஞ்சட் குருகு, செங்குருகு, கருங்குருகு ஆகியன இலங்கையிற் காணப்படுவன. நாணற் செறிவிடையே ஆபத்தை உணர்ந்தவிடத்துக் குருகு அலகை வானோக்கி உயர்த்திக் கழுத்தை நீட்டி அசைவற்று நிற்கும். கழுத்தின் நெடுங்கோடுகள் நாணற் தாள்களோடு ஒன்றிவிடும். அலகு வானை நோக்கினும் கண்கள் வானை நோக்குவதில்லை. அவை கீழ்நோக்கித் திரும்பும் அமைப்பினவாதலால், வந்தவனை அது நேரே பார்த்தபடியே நிற்கின்றது. வடநாடுகளிலிருந்து வலசை வந்து நம் வயல்களிலே தங்கும் உள்ளானும் கால் படும் நிலை வரும் வரை படுத்தே கிடக்கும். தலையின் பின்புறமாக அமைந்த அதன் கண்கள், அலகு சேற்றிற் புதைந்திருக்கும் போதும் பின்வருவதைக் காணவல்லன. மயிலுள்ளானிலோ வழமை தலைகீழானது. பெண் பறவை ஒளிமிக்க நிறத்தது. ஆண் மங்கிய நிறத்தது. முட்டைகளை அடைகாத்துக் குஞ்சுகளைப் பேணுவதும் ஆணே. எவர் தொட்டிலைக் காக்கின்றனரோ அவருக்கே மங்கிய ஆடை வாய்த்திருக்கின்றது. ஆகவே, மறைதல் என்பது இப்பறவைகளிடத்து ஒளிந்தோடும் கோழைமையன்று; கண்ணை மூடாது, நிற்குமிடத்தை விட்டகலாது நிற்றலே அது.

இந்நிறங்கள் எவ்வாறு வாய்த்தன என்னும் வினாவுக்கு 1859ஆம் ஆண்டின் பின் அறிவியல் தரும் விடை கூர்ப்புக் கொள்கை. கோடு பொருந்தாத பறவை இரையாயிற்று. பொருந்தியது பிழைத்துத் தன் கோட்டை வழித்தோன்றல்களுக்கு விட்டுச் சென்றது. எந்தக் குருகும் தன் கோட்டைத் தானே வரைந்துகொள்ளவில்லை. பொய்யோ ஒருவன் தெரிந்து செய்யும் செயல். தெரிவில்லாதவிடத்துப் பொய்யில்லை என்று கூறி இங்கேயே கட்டுரையை முடித்துவிடலாம். ஆயின் அது எளிதான விடையே அன்றி முழுமையான விடையன்று. நிறம் பறவையின் தெரிவன்று எனினும் அசையாது நிற்றல் அதன் செயலன்றோ?

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் வேண்டற்பாலது. விலங்குகளின் மறைநிறத்தை முறையாக ஆராய முற்பட்டோருள் முதன்மையானவர் அபொட் தேயர் என்னும் அமெரிக்க ஓவியர். மேற்புறம் கருமையும் அடிப்புறம் வெண்மையும் உடைய உடல், ஒளியும் நிழலும் சமன்படுவதால் தட்டையாய்த் தோன்றி மறைகின்றது என 1896ஆம் ஆண்டில் அவர் விளக்கியமை இன்றும் மதிக்கப்படுகின்றது. ஆயின் 1909ஆம் ஆண்டில் வெளிவந்த நூலிலே, பூநாரையின் செந்நிறமுங்கூட உதய அத்தமன வானத்தில் அதனை மறைக்கவே அமைந்தது என்னுமளவுக்கு அக்கொள்கை நீட்டப்பட்டது. அமெரிக்க முன்னாட் சனாதிபதி தியோடர் ரூசுவெல்ற் அதனைக் கடுமையாக மறுத்தெழுதினார். மறைவைத் தேடப் புகுந்தவன் எங்கணும் மறைவையே காண்பான். வஞ்சத்தைத் தேடப் புகுந்தவனுக்கும் இஃதே கதி. பறவையிடம் ‘ஏமாற்று’ என்னும் சொல்லை ஏற்றுமுன், அச்சொல் எங்கிருந்து வருகின்றது என வினவுதல் தகும்.

நம் இலக்கிய மரபு கொக்கை எவ்வாறு கண்டது? வள்ளுவர் காலமறிதலை உணர்த்தக் கொக்கின் அடக்கத்தையும், உரிய பொழுதில் அது விரைந்து கொத்துவதையும் உவமையாக்கினார். மூதுரையும் சிறுமீன்களைப் போகவிட்டுத் தக்க மீனுக்காகக் காத்திருக்கும் கொக்கைக் காட்டி, அடக்கமுடையாரை அறிவிலர் என எண்ணலாகாது என்று அறிவுறுத்தும். இவ்விரண்டிலும் கொக்கு நல்லொழுக்கத்தின் ஆசான். பஞ்சதந்திரக் கதையிலேயோ அதே கொக்கு, வேறு குளத்திற்குக் கொண்டுசென்று காப்பாற்றுவதாகக் கூறி மீன்களை ஒவ்வொன்றாகத் தின்கின்றது. இறுதியில் நண்டின் கையால் மடிகின்றது. ஒரே பறவை ஓரிடத்து ஆசானாகவும் மற்றோரிடத்து வஞ்சகனாகவும் அமைந்தது எங்ஙனம்? வேறுபாடு ஒன்றே: பஞ்சதந்திரக் கொக்கு பேசுகின்றது. அதனை வஞ்சகனாக்க வேண்டிய கதையாசிரியன் அதற்கு முதலில் ஒரு நாவை அளிக்க வேண்டியிருந்தது. நாவு வந்த பின்னரே வாக்குறுதி வந்தது. வாக்குறுதி வந்த பின்னரே மீன்களிடத்து நம்பிக்கை பிறந்தது. நம்பிக்கை பிறந்த பின்னரே அதற்குத் துரோகம் செய்தல் இயன்றது. கரையிலே வாளாநிற்கும் கொக்கை எந்த மீனும் நம்பவில்லை. ஆகவே அது எந்த மீனையும் கொல்லலாம், ஏமாற்றியதாகாது.

இதனாற் பெறப்படுவது யாது? பொய்யின் உயிர்நிலை மறைப்பிலன்று, நம்பிக்கையை அழைத்துப் பின் அதனைக் கெடுப்பதிலேயே உள்ளது. கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் தவவேடத்தில் மறைந்து தீமை செய்வோனைப் புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேடனுக்கு ஒப்பிட்டார். அங்கு பறவை மறைந்தவனின் இரை. புதரைப் பார்த்து அஞ்சுவதற்குப் பறவைக்குக் காரணமில்லை. தவக்கோலத்தைக் கண்டு ஐயுறுவதற்கு உலகத்தார்க்கும் காரணமில்லை. மக்கள் அக்கோலத்தின்மீது வைத்த நம்பிக்கையே அவனுக்குப் புதராகின்றது. கொக்கின் புதரோ வெறும் புதரே.

இனி மனிதரிடம் வருவோம். கொலைஞன் வாசலில் நின்று, அவன் தேடுபவன் உள்ளே இருக்கின்றானா என வினவினால் வீட்டுக்காரன் பொய் கூறலாமா? விடை கூறாது தவிர்க்க இயலாத நிலையிலுங்கூடக் கூடாது என்றார் செருமானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற், 1797ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில். வள்ளுவரோ குற்றமற்ற நன்மை விளையுமிடத்துப் பொய்ம்மைக்கும் வாய்மையினிடத்தை அளித்தார். கான்றின் வினா நமக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தில், தமிழரான அயலவரை வீட்டினுள் ஒளித்து வைத்துவிட்டு வாசலில் வந்து கேட்டவரிடம் ‘இங்கு எவருமில்லை’ என்று கூறிய சிங்கள மக்கள் தென்னிலங்கையில் இருந்தனர். அவர்கள் பொய் கூறினர். அப்பொய்யினால் உயிர் பிழைத்தோரும் அவர்தம் பிள்ளைகளும் இன்று நம்மிடையே உளர். வாசலில் நின்றவனுக்கு உண்மையைப் பெறும் உரிமை இருந்ததில்லை. அவனே அதனைக் கையில் ஏந்திய ஆயுதத்தால் இழந்தான். பேசிய பொய்யே அங்கு அறமாயிற்று எனின், பேசாது உள்ளே மூச்சடக்கிக் கிடந்தவரின் மறைவை எவர் குறைகூற வல்லார்? வலியவன் தேடும்போது தன்னைக் காட்டிக்கொடுக்கும் கடமை மெலியவனுக்கு இல்லை. இது பறவையிடமிருந்து நாம் பெறும் முதலாவது பாடம்.

எனினும், இதனோடு நின்றுவிடின் மறைவுக்கு ஓர் எல்லையற்ற உரிமையை வழங்கியோராவோம். மெலியவன் என்னும் பெயரில் நாம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளும் நாணலாகி நிற்கலாம். எல்லையை எங்கே வகுப்பது? குறுந்தொகையிலே கபிலர் பாடிய ஒரு காட்சி இதற்கு ஒளி தருகின்றது. தலைவன் தன்னைக் களவில் மணந்தபோது வேறெவரும் அங்கிலர் என்கின்றாள் தலைவி. அவன் வாக்குத் தவறினால் அவள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அன்று அங்கிருந்தது ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்திருந்த ஒரு குருகு மட்டுமே. அக்குருகின் கால்களைக் கபிலர் தினையின் தாளுக்கு ஒப்பிட்டார். உயிருள்ள பறவையின் கால் பயிரின் தண்டாய்த் தோன்றும் மறைநிறத்தை ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே நம் புலவன் கண்டு வைத்தான். அக்குருகு அங்கிருந்தது, ஆயினும் அவளுக்குச் சாட்சியாக அது உதவாது. பேச நாவற்ற பறவையை எவரும் குறை கூறார். தலைவியின் துயரமோ அந்நாவின்மையிலேயே உள்ளது.

மறைந்து நிற்பவன் காணாதவனல்லன், நன்றாகக் காண்பவன். அலகை வானோக்கி உயர்த்தியவாறே வந்தவனை நேரே பார்க்கும் குருகைப் போல, பேசாதிருக்கும் மனிதனும் யாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கின்றான். தன்மீது பாய வந்த பருந்துக்கு அஞ்சி அவன் அசையாதிருந்தால் அது அவன் உரிமை. அதே பருந்து அயலவன் மேற் பாயும்போதும், தன் சொல் ஒன்றினால் அவனைக் காக்கக்கூடும் என அறிந்தும், அவன் நாணலாகவே நிற்பானாயின், அவனுடைய மறைவு பறவையின் மறைவன்று. பறவைக்கு இல்லாத நாவு அவனுக்கு உண்டு. 1983இல் கதவைத் திறந்தவர்கள் இருந்ததைப் போலவே, யன்னற் சீலையின் பின்னால் நின்று பார்த்திருந்தோரும் இருந்தனர். எல்லா இனத்து வரலாற்றிலும், நம் இனத்து வரலாற்றிலுங்கூட, இத்தகையோர் உளர். அவர்கள் எவரிடமும் பொய் கூறவில்லை. ஆயினும் அவர்களைக் குற்றமற்றோர் எனக் கூற நம் நெஞ்சம் ஒப்புவதில்லை. பொய்யாமை மட்டுமே வாய்மையாகிவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கொக்கிளாய்க் கரை நமக்கு உணர்த்தும் மற்றொரு செய்தியும் உண்டு. மறைநிறம் தனித்த உடலின் உடைமையன்று. குருகின் கோடு நாணல் இருக்கும் வரையே மறைவு. நாணலை வெட்டி நிலத்தை நிரவிவிட்டால் அதே கோடு அப்பறவையைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். நிலமே பறவையின் பாதி உடல். 1984ஆம் ஆண்டின் இறுதியிலே கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் முதலிய ஊர்களின் மக்கள் தம் நிலங்களை விட்டு அகல நேர்ந்தது. போர் 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற பின்னரே மீள்குடியேறும் வழி பிறந்தது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில், சொந்த ஊரில் எவரும் கவனியாத இயல்பான பேச்சும் பெயரும் உடையும் பிற இடங்களில் அம்மக்களை வேறாக்கிக் காட்டும் அடையாளங்களாயின. மனிதன் நிலத்தை இழக்கும்போது வயலையும் வீட்டையும் மட்டுமன்றி, எவர் கண்ணையும் உறுத்தாது வாழும் பெரும்பேற்றையும் இழக்கின்றான். பறவைகளின் புகலிடமெனக் கோடு கீறி ஒரு களப்பைக் காக்க முற்பட்ட அறிவு, மனிதர்க்கும் அத்தகைய புகலிடம் வேண்டுமென உணர்தல் நன்று.

இதுகாறும் நோக்கியவற்றால், மறைந்து நிற்றல் தன்னளவிற் பொய்யாகாது என்பதும், பிறர் நம்பிக்கையை மறைவிடமாகக் கொள்வதே பொய்யாகும் என்பதும், தன்னைக் காத்தற்கு உரிமையாகும் மறைவு பிறனுக்குச் சாட்சி கூற வேண்டியவிடத்துக் குற்றமாகும் என்பதும் ஒருவாறு புலப்படும். அன்று களப்போரத்தில் நான் கண்ட கொக்கு, நிற்கையிற் சேறாகவும் எழுகையில் வெண்மையாகவும் இருந்தது. வெண்சிறகு அதனிடம் எப்பொழுதும் இருந்தது. மடித்து வைத்திருந்தது, அவ்வளவே. எப்போது விரிப்பது என்பதை அச்சமே அதற்கு உணர்த்துகின்றது. நமக்கு அதனை உணர்த்த வேண்டியது யாது என்பதை அவரவர் நெஞ்சமே அறியும்.