மாலை கழற்றிய மறுநாள்

சிகரெட்டை விடுவதற்கென்றே ஒரு கருவியைக் கண்டுபிடித்தவர் சிகரெட்டை முழுதாக விடவில்லை. சீனாவில் ஷென்யாங் நகரத்து மருந்தாளர் ஹோன் லிக்தான் அவர். அப்பா நுரையீரல் புற்றுநோயில் போனவர். மகனும் கடுமையாகப் புகைத்தவர். தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோட்டின் பட்டையைப் போட்டுப் பார்த்தார், போதவில்லை. நிகோட்டின் கலந்த திரவத்தை ஆவியாக்கி இழுக்கிற மின்னணு சிகரெட்டை 2003-இல் உருவாக்கினார். இன்று உலகம் முழுக்க ‘வேப்’ என்று புழங்குவது அதன் வாரிசுதான். பல வருடம் கழித்துப் பேட்டி எடுக்கப் போனவர்களிடம், வேப்போடு சிகரெட்டும் அவ்வப்போது உண்டு என்று அவரே சொல்லிவிட்டார்.

கேட்டதும் சிரிப்பு வருவது இயல்பு. ஆனால் விட்டவன் ஏன் திரும்பிப் போகிறான் என்பது சிரித்து முடித்துவிடக்கூடிய சங்கதி அல்ல. மருத்துவர்கள் கையில் எடுப்பதற்கு வெகுகாலம் முன்பே மதங்கள் தலையை உடைத்துக்கொண்ட கேள்வி அது. ஒருவன் உண்மையாகவே விட்டிருந்தால் திரும்புவானா? திரும்பிவிட்டான் என்றால், விட்டது பொய்யா?

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, நெடுஞ்சாலை ஓரத்துப் புதுச்சத்திரத்தில், வேப்புக்கு மாறியவரைத் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம். தமிழக அரசு 2018 செப்டம்பரிலேயே அதைத் தடை செய்துவிட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 18-ஆம் தேதி நாடு முழுக்கத் தடை என்ற மத்திய அமைச்சரவையின் முடிவை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அவசரச் சட்டம் டிசம்பரில் முறையான சட்டமானது. விற்றால் முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பீடிக்கும் சிகரெட்டுக்கும் அப்படி எந்தத் தடையும் இல்லை. சிகரெட் விற்கும் ஐடிசி நிறுவனத்தில் அரசின் எல்ஐசியே பெரிய பங்குதாரர் என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. லண்டனில் புகையை விட அரசே கையில் கொடுக்கிற பொருள் நாமக்கல்லில் குற்றம். இரண்டு ஊரிலும் சட்டப்படி கிடைப்பது சிகரெட் மட்டும்.

ஆனால் மாறுவதும் திரும்புவதும் இங்கே தாராளமாக நடக்கின்றன. பீடியிலிருந்து ஃபில்டர் சிகரெட்டுக்கு மாறுவார்கள், ‘இருமல் குறைச்சலுங்க’ என்பார்கள். சிகரெட்டை நிறுத்தி, தடை செய்யப்பட்ட ஹான்ஸ் புகையிலையை உதட்டுக்குள் அடக்குவார்கள். படித்த பிள்ளைகள் மருந்துக்கடையில் நிகோட்டின் சூயிங்கம் கேட்பார்கள். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்று ஒன்று இந்த வட்டாரத்தில் உண்டு. அது கார்த்திகை முதல் தேதி கழுத்தில் ஏறுகிற ஐயப்பன் மாலை.

நாமக்கல் லாரி ஊர். பாடி கட்டும் பட்டறை, எரிவாயு டேங்கர், கோழித்தீவனம், முட்டை லோடு என்று ஏதோ ஒரு வகையில் சக்கரத்தோடு சம்பந்தப்பட்ட பிழைப்பு. ராத்திரி ஓட்டுகிறவர்களுக்குத் தூக்கத்தை விரட்ட டீயும் பீடியும்தான் கதி என்று ஒரு நம்பிக்கை. நாளுக்கு ஒரு கட்டு சர்வசாதாரணம். அப்படிப்பட்ட ஓட்டுநர் ஒருவர் விடிகாலையில் குளித்து, குருசாமி கையால் துளசி மாலை போட்டுக்கொள்கிறார். அன்றோடு பீடி நிற்கிறது. சூயிங்கம் இல்லை, பட்டை இல்லை, ஆலோசனை சொல்ல ஆள் இல்லை. இரண்டு வேளை பச்சைத் தண்ணீர்க் குளியல், கறுப்பு வேட்டி, வெறுங்கால், தரையில் துண்டு விரித்துப் படுக்கை. சபரிமலைக் கணக்கில் 41 நாள்; நம் பக்கத்துக் கணக்கில் ஒரு மண்டலம் என்றால் 48. அத்தனை நாளும் ஒரு பீடி தொடுவதில்லை. யார் சொன்னாலும் மனைவியே கெஞ்சினாலும் நடக்காதது நடந்துவிடுகிறது.

பிறகு மலைக்குப் போகிறார்கள். எருமேலி, பம்பை, பதினெட்டாம்படி. திரும்பும் வேன் குமுளி இறங்கி, தேனி, திண்டுக்கல், கரூர் வழியாக ஊர் வந்து சேர்கிறது. தேங்காய் உடைத்து மாலையைக் கழற்றுகிறார்கள். பொறுக்க முடியாதவர்கள் பம்பையிலேயே கழற்றிப் பையில் போட்டுக்கொள்வதும் உண்டு. மறுநாள் டீக்கடை. 48 நாளாக ‘சாமிக்கு ஒரு டீ’ என்று சத்தம் போட்ட மாஸ்டர் இப்போது, ‘என்ன மாப்ள, மாலை கழட்டியாச்சா?’ என்கிறார். பக்கத்தில் இருப்பவர் கட்டைப் பிரித்து ஒன்றை நீட்டுகிறார். கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட லைட்டர் கைக்கெட்டும் தூரத்தில் ஆடுகிறது.

எல்லோரும் அதைப் பற்றவைப்பதில்லை. நிறையப் பேர் பற்றவைக்கிறார்கள். ரமலானில் பகல் முழுக்கப் புகையில்லாமல் இருந்துவிட்டு, நோன்பு திறந்த பேரீச்சம்பழத்துக்கு அடுத்ததாகச் சிகரெட்டைத் தேடுபவரும், தவக்காலத்தில் விட்டுவிட்டு உயிர்ப்பு ஞாயிறன்று தொடங்குபவரும் இதே வரிசைதான்.

இதில் உடம்பைக் குறைசொல்ல அதிக இடமில்லை. நிகோட்டின் கிடைக்காத எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை எல்லாம் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். மாலை போட்டவர் அந்தக் கண்டத்தை மலை ஏறுவதற்கு முன்பே தாண்டிவிட்டார். அப்புறமும் கை நீள்கிறது என்றால், நீட்டவைப்பது உடம்பின் பசி அல்ல.

அறியாமையும் அல்ல. 2016 ஏப்ரலிலிருந்து பாக்கெட்டின் 85 சதவீதத்தை எச்சரிக்கைப் படம் அடைத்துக்கொண்டிருக்கிறது. 2016-17-இல் எடுத்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் விடத் திட்டமிடுகிறோம் அல்லது யோசிக்கிறோம் என்றுதான் சொன்னார்கள். தெரிந்துகொண்டே எவனும் தவறு செய்வதில்லை என்று சாக்ரடீஸ் வாதாடியதாகப் பிளேட்டோ எழுதிவைத்தார். சிக்மண்ட் ஃப்ராய்டை சாக்ரடீஸ் பார்த்திருக்க வேண்டும்: மனித மனத்தின் உள்ளறைகளைத் திறந்துகாட்டியவர், 1923-இல் வாயில் புற்றுநோய் கண்டு முப்பதுக்கு மேற்பட்ட அறுவை சிகிச்சை செய்துகொண்டார், சுருட்டை மட்டும் கீழே வைக்கவில்லை. சாக்ரடீஸை அரிஸ்டாட்டில் ஏற்கவில்லை. தப்பு என்று தெரிந்தும் வழுக்குகிறவனுக்கு அவர் தனி இடம் ஒதுக்கினார். தான் செய்வதே சரி என்று இருப்பவனைவிட இவன் மேல். வருந்துகிறான், ஆகவே குணமாக வாய்ப்புண்டு என்றார். 

குருக்ஷேத்திரத்தில் அர்ச்சுனனும் இதைத்தான் கேட்டான். விருப்பமில்லாதபோதும் யாரோ கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதுபோல் மனிதன் ஏன் பாவத்துக்குப் போகிறான் என்பது கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் அவன் எழுப்பும் சந்தேகம். காமமும் கோபமும் என்பது கண்ணன் தரும் பதில். அதற்கு முன்பே, இரண்டாம் அத்தியாயத்தில், அவர் சொல்லிச் செல்லும் ஒன்று புகைப்பவருக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது: நுகராமல் இருப்பவனை விட்டுப் பொருள்கள் விலகிப்போகும், அவற்றின் சுவை மட்டும் உள்ளே தங்கிவிடும், அதைவிடப் பெரியதைக் கண்டால்தான் அந்தச் சுவையும் போகும்.

சுவை தங்கிவிடும் என்று சொன்னது சரி. தங்கிய சுவையோடு மறுநாள் காலை டீக்கடையைக் கடந்து போவது எப்படி? இந்த இடத்தில் கீதையைவிடத் தமிழ் நூல் ஒன்று விவரமாகப் பேசுகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் தந்தது சிவஞானபோதம். மொத்தமே 12 சூத்திரம், 40 அடி. உயிர், அதைப் பிணைக்கும் அழுக்கான மலம், இறைவன் என்று படிப்படியாக ஏறி, பதினோராவது சூத்திரத்தில் உயிர் இறைவன் திருவடியை அடைந்துவிடுகிறது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பன்னிரண்டாவதாக ஒரு சூத்திரம் வைக்கிறார், அதுவும் யாருக்கு? கரை சேர்ந்தவருக்கு. மிச்சமிருக்கும் மலத்தைக் கழுவு, அன்பரோடு சேர்ந்திரு, அவர்களுடைய வேடத்தையும் ஆலயத்தையும் இறைவனாகவே எண்ணித் தொழு என்று கட்டளை போடுகிறார். விட்ட பிறகும் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சைவர்கள் வாசனா மலம் என்றார்கள்; பெருங்காயம் தீர்ந்த டப்பாவில் நெடி போகாத கணக்கு. அன்பர் அல்லாதவரோடு சேர்ந்தால் அவர்கள் மறக்கடித்து மறுபடி மலத்தில் தள்ளிவிடுவார்கள் என்று விளக்க வெண்பாவில் வெளிப்படையாகவே எச்சரிக்கிறார் மெய்கண்டார். கரை சேர்ந்த சீவன்முத்தனுக்கே இந்த எச்சரிக்கை என்றால், நாளுக்கு ஒரு கட்டுப் பீடி குடித்த லாரி ஓட்டுநர் எம்மாத்திரம்?

பன்னிரண்டாம் சூத்திரம் சொன்ன மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். கூட்டாளிகள், வேடம், கோயில். மாலை போட்ட 48 நாளும் அவருக்கு வாய்த்திருந்தவை இவைதான். சாயங்காலம் பஜனைக்குக் கூப்பிடக் குழு இருந்தது. கறுப்பு வேட்டியைப் பார்த்ததும் பீடி நீட்ட வந்தவன் கை தானாக மடங்கியது. மனைவியும் பிள்ளையும் சோதனைச்சாவடிக் காவலரும் ‘சாமி’ என்றே கூப்பிட்டார்கள். சாமி பீடி குடிக்க முடியாது, மாப்ள குடிக்கலாம். மாலையைக் கழற்றுகிற அந்த ஒரு காலைப்பொழுதில் மூன்றும் சேர்ந்து போய்விடுகின்றன. அவர் 48 நாள் இருந்தது வேஷம், இப்போதுதான் சுயரூபம் என்று ஊர் பேசும். அது தவறான கணக்கு. இரண்டும் அவர்தான். முதல் 48 நாளில் அவரைத் தாங்கப் பத்துப் பேர் இருந்தார்கள், அடுத்த நாள் ஒருவரும் இல்லை.

வேப்பை இதே உரைகல்லில் உரசலாம். பற்றை விடுவதற்கு ஒரு பற்றைப் பிடித்துக்கொள் என்று வள்ளுவரே துறவு அதிகாரத்தின் கடைசிக் குறளில் சொல்கிறாரே, மாற்றுப் பிடிமானம் எடுப்பதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். குற்றமில்லை. பலனும் இருக்கிறது. இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், வேப் கொடுக்கப்பட்டவர்களில் 18 சதவீதத்தினர் ஓராண்டு கழித்தும் சிகரெட்டைத் தொடாமல் இருந்தார்கள். பட்டை, சூயிங்கம் வகையறா கொடுக்கப்பட்டவர்களில் 9.9 சதவீதம். ஏறக்குறைய இரு மடங்கு. அதே ஆய்வின் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். வேப்பால் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதத்தினர் ஓராண்டு முடிவிலும் வேப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் வரியிலேயே இன்னொன்றும் இருக்கிறது: வேப் கிடைத்த நூறு பேரில் 82 பேர் சிகரெட்டை விட்டு நிற்கவில்லை.

வள்ளுவர் பிடிக்கச் சொன்னது பற்றில்லாதவனுடைய பற்றை. வேப்பில் கிடைப்பது பழைய பற்றேதான். தாரும் கார்பன் மோனாக்சைடும் போய்விட்டன, நுரையீரலுக்கு அது சின்ன லாபம் அல்ல. ஆனால் விரலிடுக்கு அதே, உதடு அதே, டீக்குப் பின்பு வெளியே போய் நிற்கிற மூலை அதே, கூட நிற்கிற ஆளும் அதே. ஒருநாள் பேட்டரி தீர்ந்தால், பக்கத்தில் நிற்பவரிடம் ‘ஒண்ணு குடுப்பா’ என்று கேட்க நாலடி தூரம்கூட நடக்க வேண்டாம். மாலை இதற்கு நேர் எதிர். அது நிகோட்டினுக்குப் பதிலாக எதையும் தருவதில்லை, ஆளைச் சுற்றியிருக்கும் உலகத்தை மாற்றுகிறது. அதன் குறை ஒன்றுதான்: அதற்கு முடிவுத் தேதி இருக்கிறது.

புகைக்குத் திரும்பியவனை என்ன செய்வது என்பதில் மதங்கள் ஒத்துப்போவதில்லை. அமிர்தம் பெற்ற சீக்கியருக்குப் புகையிலை நான்கு பெருங்குற்றங்களில் ஒன்று, தொட்டால் பதிதன். அவ்வளவு கடுமையான மார்க்கம்கூட வாசலைச் சாத்தவில்லை. பிழையை ஒப்புக்கொண்டு மறுபடி அமிர்தம் எடுத்துக்கொள்ளலாம். நம் பக்கத்து ஐயப்பசாமிகளிடம் இந்த ஏற்பாடு கிடையாது. மாலைக்குள் தப்பு நடந்தால் தெய்வ குற்றம், மாலைக்கு வெளியே நடந்தால் கேட்பாரில்லை. அடுத்த கார்த்திகை வரைக்கும் அவர் யாருடைய பொறுப்பும் இல்லை.

1800-11-2356 என்ற இலவச எண்ணைச் சிகரெட் பாக்கெட்டின் எச்சரிக்கைப் படத்தோடு பார்க்கலாம். புகையிலையை விட உதவும் தேசியத் தொலைபேசிச் சேவை அது. விடுகிற நாளை முன்கூட்டியே குறித்துக்கொள்ளச் சொல்வது இந்த மாதிரி ஆலோசனைகளின் பால பாடம். புதுச்சத்திரத்துக்காரருக்கு அந்த நாளைப் பஞ்சாங்கமே குறித்துக் கொடுத்திருக்கிறது. குறிக்கப்படாதது கழற்றிய பிறகு வரும் மாதங்கள். யார் யார் என்றைக்கு மாலை கழற்றுகிறார்கள் என்பது குருசாமிகளுக்கு விரல்நுனியில் தெரியும். அந்த வாரம் சுகாதாரச் செவிலியர் ஒருவர் அவர்களைத் தேடிப் போகலாம். வேனில் ஒன்றாகப் போனவர்கள் சனிக்கிழமை பஜனையைத் தை, மாசி வரை இழுத்துக்கொண்டு போகலாம்.

சிலர் யாரும் சொல்லாமலே வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஐயப்பன் மாலையைக் கழற்றிய கையோடு, தைப்பூசப் பாதயாத்திரைக்கு முருகன் மாலை போட்டுக்கொள்கிறார்கள். கறுப்பு வேட்டி போய்ப் பச்சை வேட்டி வருகிறது, மாஸ்டர் வாயில் ‘சாமி’ அப்படியே நிற்கிறது. பக்தி முற்றிவிட்டது என்று ஊரார் நினைக்கிறார்கள். வீட்டுக்காரம்மாவுக்கு உள்விவரம் தெரியும். அதையும் முடித்துப் பங்குனி உத்திரத்துக்கு இன்னொரு மாலை கிடைத்துவிட்டால், பீடி இல்லாமல் நாலு மாதத்துக்கு மேல் ஓடிவிடும்.