நெல்லுக்கு வேலி உண்டு... நேரத்துக்கு?

ஊர்ப் பெயரிலேயே உபதேசத்தை ஒளித்து வைத்திருக்கும் தலங்கள் சில உண்டு. தாமிரபரணி பாயும் திருநெல்வேலி அவற்றில் ஒன்று. நெல்லுக்கு இறைவனே வேலியாக நின்ற ஊர் இது!

மூங்கில் காடாக, வேணுவனம் என்ற பெயரோடு இருந்த காலத்தில், இங்கே வேதசர்மா என்ற சிவபக்தர் வாழ்ந்தார். வீட்டில் வறுமை. ஆனாலும் வீடு வீடாகச் சென்று நெல் யாசித்து, அதை அரிசியாக்கி சுவாமிக்கு அமுது படைப்பதை அவர் நிறுத்தவில்லை. ஒருநாள் சந்நிதிக்கு முன்பாக நெல்லைக் காயப் போட்டுவிட்டு, நதியில் நீராடப் போனார். திடீரென வானம் இருண்டது. கொட்டியது மழை. ‘ஐயோ, நைவேத்தியத்துக்கான நெல்லாயிற்றே!’ என்று பதறி ஓடி வந்தவர், அப்படியே திகைத்து நின்றார். சுற்றிலும் வெள்ளம். நெல் கிடந்த இடத்தில் மட்டும் துளி ஈரமில்லை, பளீரென்று வெயில்! சேதி கேட்டு ராமபாண்டிய மன்னனும் வந்து பார்த்துச் சிலிர்த்தான். ஈசன் நெல்வேலிநாதர் ஆனார். ஊர் திருநெல்வேலி ஆயிற்று. ஆண்டுதோறும் தைப்பூசத் திருவிழாவின் நான்காம் நாளில், இந்தத் திருவிளையாடல் நெல்லையப்பர் கோயிலில் விழாவாகவே நடைபெறுகிறது.

இந்தக் கதையை நாம் எத்தனையோ முறை கேட்டிருப்போம். ஆனால், ஒரு விஷயத்தை யோசித்துப் பார்த்தோமா?

மழை கெட்டதில்லை. தாமிரபரணிக் கரையில் மழை என்பது வரம். ஆனால், காய்கிற நெல்லின் மேல் பெய்தால் அந்த வரமே பாழாக்கிவிடும். ஈசன் மழையை நிறுத்தவில்லை. ஊர் முழுக்கப் பெய்யவிட்டார். படையலுக்கு உரிய அந்தச் சிறு இடத்தை மட்டும் காத்தார்.

நம் வீட்டு வேலைகளும் அந்த மழை மாதிரிதான். மாமியாருக்கு வேளைக்கு மாத்திரை, பிள்ளைக்கு டியூஷன், கணவருக்கு டிபன் பாக்ஸ், பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு உதவி, விளக்கு பூஜைக்குக் கோலம்... எதுவுமே கெட்டதில்லை, எல்லாம் புண்ணியம்தான். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில், ஓயாமல் நம் தலையில் கொட்டினால்? நெல் முளைத்து வீணாவதுபோல மனசும் வீணாகிவிடும். காரணமில்லாமல் குழந்தை மேல் எரிந்து விழுகிறோம். விளக்கேற்றும்போதும் நெஞ்சில் வெளிச்சம் இல்லை. கை மட்டும் பூப்போடுகிறது. மனம் அடுப்படியில் நிற்கிறது.

இது நம் ஒருவர் பலவீனமில்லை, சகோதரிகளே! 2024-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள், அதற்காக ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடங்கள். ஆண்களோ 88 நிமிடங்கள்! குழந்தைகளையும் பெரியவர்களையும் பராமரிக்கும் நேரம் இதில் சேராது. அது தனிக் கணக்கு.

‘எனக்கென்று நேரம் கேட்டால் சுயநலம் ஆகாதா?’ என்று தயங்குகிறீர்களா? காந்திமதி அம்பாளைப் பாருங்கள். உச்சிக்காலத்தில் அவள் சந்நிதியிலிருந்துதான் நெல்லையப்பருக்கு அமுது போகிறது. சுவாமிக்குப் படைத்த பிறகே அவளுக்கு. இல்லறத்துக்கு அவளைவிட யார் உதாரணம்? அந்த அம்பாளே ஐப்பசித் திருக்கல்யாண விழாவில் தவக்கோலம் பூண்டு எழுந்தருளுகிறாள். சுவாமிதான் அவளைத் தேடி வந்து காட்சி தருகிறார்! அமுது படைப்பவளுக்குத் தவம் செய்யவும் ஒரு பொழுது இருக்கிறது.

கோயிலுக்கும் வேலி உண்டு. மதியம் நடை சாத்தினால், எத்தனை தொலைவிலிருந்து வந்தவரும் காத்திருக்கத்தான் வேண்டும். இரவில் பள்ளியறை பூஜை முடிந்தால் சுவாமிக்கும் ஓய்வு. யாரும் கோபிப்பதில்லை. ஏனென்றால் நேரம் முன்கூட்டியே தெரியும். நெல்லைச் சீமை வயல்களும் அப்படித்தான். கார், பிசானம் என இரு போகம் விளைந்த பிறகு, கோடையில் சும்மா கிடக்கும். ‘சோம்பேறி வயல்’ என்று எவரும் சொல்வதில்லை!

நாமும் வேலி கட்டலாம். முதலில், சின்ன வேலியே போதும். தினமும் அரைமணி நேரம். ஜபமோ, தூக்கமோ, ஒரு புத்தகமோ... அது உங்கள் இஷ்டம். அந்த நேரத்தில் செல்போனுக்கும் நடை சாத்திவிடுங்கள்.

இரண்டாவது, கோபம் வந்த பிறகு கத்திச் சொல்லாமல், மனம் அமைதியாக இருக்கும்போதே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். “மூணு மணியில இருந்து மூணரை வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க அத்தை. அதுக்கப்புறம் என்ன வேணும்னாலும் செஞ்சு தாரேன்” என்று நெல்லைத் தமிழில் பதமாகச் சொன்னால் எந்த அத்தை மறுப்பார்? அந்த நேரத்துக்குத் தண்ணீர், மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமோ கணவரிடமோ ஒப்படையுங்கள். அவசரம் என்றால் கதவு திறக்கத்தான் வேண்டும். வேலி என்றால் அதில் ஒரு படலும் உண்டு.

மூன்றாவது, புதிதாக ஒரு பொறுப்பு வரும்போது உடனே தலையாட்டாதீர்கள். “நாளைக்குச் சொல்லுதேன்” என்று ஓர் இரவு தள்ளிப்போடுங்கள். முடியாததை முடியாது என்று சொல்வது, ஒப்புக்கொண்டு முனகுவதைவிட மேல்.

இத்தனைக்குப் பிறகும் தூக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் விலகவில்லை என்றால், தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். அதுவும் வேலிதான்.

ஒன்றை மறக்க வேண்டாம். வேதசர்மாவின் நெல் அவர் தனக்காகச் சேர்த்ததில்லை. இறைவனுக்குப் படைக்க வைத்தது. அதனால்தான் அதைக் காக்க வேண்டியிருந்தது. நீங்கள் உங்கள் குடும்பத்துக்குத் தரும் அன்பும் அப்படிப்பட்ட படையல்தான். நனைந்து முளைத்த நெல்லில் அமுது படைக்க முடியாது. அடுத்த முறை நெல்லையப்பர் முன் நிற்கும்போது, ‘என் பொழுதுக்கும் வேலியாக நில், ஈசனே’ என்று வேண்டிக்கொள்ளுங்கள். காந்திமதி அம்பாள் துணையிருப்பாள்!