பிடி நழுவும் இடத்தைத் தேடு!

விருத்தாசலத்துத் தம்பி, தங்கையே! உன் மேசைமேல் அந்தச் சின்ன மாடல் ரயில் எஞ்சின் மூன்று பெட்டியைக்கூட இழுக்க முடியாமல் முனகி நிற்கிறதா? "இதற்குச் சக்தி போதாது, நமக்கு இவ்வளவுதான் வரும்" என்று பெட்டிக்குள் போட்டு மூடாதே. விசாரணையே தொடங்காமல் தீர்ப்பு எழுத உனக்கு உரிமை கிடையாது!

எழு, உன் ஊர் ஜங்ஷனுக்குப் போ. விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என்று நான்கு பக்கமும் பாதை பிரிகிற இடம் அது. சரக்கு ரயிலை இழுக்கும் டபிள்யூஏஜி-9 எஞ்சினையும், விரைவு ரயிலை இழுக்கும் டபிள்யூஏபி-7 எஞ்சினையும் உற்றுப் பார். இரண்டும் ஒரே குடும்பம். இரண்டுமே 6,000 குதிரைத்திறனைத் தாண்டியவை. எடையும் 123 டன்தான். ஆனால் கிளம்பும்போது முன்னது காட்டும் இழுவிசை 458 கிலோநியூட்டன், பின்னது காட்டுவது சுமார் 322. என்ன வித்தியாசம்? முக்கியமாகப் பல்சக்கர விகிதம்! ஒன்றைப் பாரத்துக்கு அமைத்தார்கள், மற்றொன்றை வேகத்துக்கு அமைத்தார்கள். "எனக்குத் திறன் இல்லை" என்கிறாயே, இருக்கிற திறனை எதற்கு அமைத்தாய் என்று ஒருநாளாவது கேட்டாயா?

மோட்டார் எவ்வளவு முறுக்கினாலும், சக்கரம் தண்டவாளத்தைப் பிடித்த அளவுக்குத்தான் எஞ்சின் இழுக்கும். உலோகச் சக்கரம் உலோகத் தண்டவாளத்தில், தன்மேல் நிற்கும் எடையில் ஒரு பகுதி அளவு விசையைத்தான் கொடுக்கும். ஆகவே உன் மாடலின் எடையைக் கூட்டு. ஓட்டும் சக்கரங்களின்மேல் சமமாக உட்காரும்படி ஈயத்துண்டை வை. முன்னால் மட்டும் குவித்தால் பின்சக்கரம் சும்மா சுற்றும். ஆனால் ஓர் எல்லை உண்டு, அதை மீறாதே. எஞ்சினைக் கையால் பிடித்து நிறுத்தினால் சக்கரம் வழுக்கிச் சுற்ற வேண்டும். சக்கரம் வழுக்காமல் மோட்டார் திணறி நின்றால் எடை அதிகம். அப்படியே விட்டால் சுருள் கருகிவிடும்.

சக்கரத்தில் ரப்பர் வளையம் மாட்டினால் பிடி கூடும், உண்மைதான். ஆனால் அந்தச் சக்கரம் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்காது. அதனால்தான் பல மாடல் எஞ்சின்கள், பாதை பிரியும் பாயின்டுகளில் விக்கி நிற்கின்றன. மற்ற எல்லாச் சக்கரங்களிலும் மின்தொடுப்பு இருக்கிறதா என்று பார். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் துடை. உப்புத்தாள் வைத்துத் தேய்க்காதே, அந்தக் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு குடியேறும். எண்ணெய், ஊசி முனையில் நிற்கும் அளவு போதும். வழிந்து சக்கரத்துக்கு வந்தால் இருந்த பிடியும் போய்விடும். புது எஞ்சினைப் பெட்டி எதுவும் மாட்டாமல் முன்னும் பின்னுமாக மெல்ல ஓடவிட்டுப் பழக்கு. பெட்டிகளையும் ஒவ்வொன்றாகச் சரிவில் உருட்டிப் பார். உருளாத ஒரு பெட்டி, உருளும் நான்கு பெட்டிகளின் பாரத்தைத் தானே கொடுக்கும். பழியை மட்டும் எஞ்சின் சுமக்கும்!

இப்போது மோட்டாரைத் திறந்து பார். உள்ளே இருக்கும் கறுப்புக் காந்தம் பெரும்பாலும் ஃபெரைட். இரும்பு ஆக்சைடோடு ஸ்ட்ரான்சியம் அல்லது பேரியம் சேர்மத்தைக் கலந்து, அச்சில் அழுத்தி, 1,000 டிகிரிக்கு மேல் சுட்டு எடுப்பது. அதாவது செராமிக்! அகல்விளக்கும் பொம்மையும் பீங்கான் ஃபியூஸும் செய்கிற உன் ஊர்த் தொழிலின் ஒன்றுவிட்ட தம்பி அது. செராமிக் படிப்புக்கென்றே அரசுக் கல்வி நிலையம் நடக்கும் ஊரில் வளர்ந்த நீயா அதன்முன் கைகட்டி நிற்பது? சரக்கு வெடித்து வந்தால் "மண்ணுக்கு ராசியில்லை" என்று சொல்லிச் சூளைக்காரர் வீட்டுக்குப் போவதில்லை. ஈரம் காயுமுன் ஏற்றினோமா, சூட்டை அவசரமாகக் கூட்டினோமா என்று தேடுகிறார். அந்தப் புத்தி உன் ரத்தத்தில் இருக்கிறது. உன் எஞ்சினிடமும் அதைக் காட்டு, உன்னிடமும் காட்டு!

பிடியே போதாத இடமும் உண்டு. கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறும் நீலகிரி மலைப்பாதையில் 12 அடிக்கு ஓரடி ஏற்றம். வழுக்குகிறதே என்று அழவில்லை. தண்டவாளத்தின் நடுவே பல்பாதை பதித்தார்கள், எஞ்சினில் பல்சக்கரம் வைத்தார்கள். அந்த மலைக்கான புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டியது வேறெங்கோ அல்ல, உன் ஊரிலிருந்து ரயிலேறிப் போகக்கூடிய திருச்சியின் பொன்மலைப் பணிமனை. தமிழ்நாட்டுத் தொழிலாளர் கைகள் செய்த வேலை அது. உனக்கும் இருப்பவை அதே கைகள்தான்.

ஆகவே இன்றிரவே எஞ்சினைக் கவிழ்த்து வை. முதலில் சக்கரத்தைத் துடை, பிறகு எடையைச் சோதி, அதன்பின் பெட்டிகளை உருட்டிப் பார். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் எத்தனை பெட்டி இழுத்தது என்று நோட்டில் எழுது. நாலு பெட்டி இழுத்ததும் திருப்திப்பட்டுவிடாதே, ஐந்தாவதை மாட்டு!