கல்லில் ஏறும் முகம்

புகைப்படத்து முகம், வெளிச்சமும் நிழலும் சிறிது சிறிதாகக் கலந்து உருவாவது. கல்லில் அப்படிக் கலக்க வழியில்லை. ஓரிடத்தைப் பொறிக்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். அதனால்தான் இறந்தவரின் படத்தைக் கல்லறைக் கல்லில் ஏற்றுமுன் கோட்டோவியமாக மாற்றுவதுண்டு. மெருகேற்றிய கறுப்புக் கிரானைட்டில் லேசர் பட்ட இடம் வெளுத்துவிடும். ஆகவே அங்கே பொறிக்கப்படுவது நிழல் அல்ல, வெளிச்சம். இத்தனை கழித்தலுக்குப் பிறகும் கல்லில் இருப்பவர் அவர்தானா? அவர்தான் என்பேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

இந்தக் கேள்வி புதிதல்ல. பைசாந்தியப் பேரரசில் திருவுருவங்களை வணங்கலாமா என்று 8, 9ஆம் நூற்றாண்டுகளில் பெரும் பூசல் நடந்தது. உருவங்களுக்காக வாதாடியவர்களில் ஒருவர் ஸ்டூடியோஸ் மடத்துத் துறவி தியோடோர், 826இல் மறைந்தவர். படமும் ஆளும் பொருளால் வேறு, சாயலால் ஒன்று என்றார் அவர். முத்திரை எதில் பதிந்தாலும் அதே முத்திரைதான். அதைவிட நுட்பமான வாதமும் அவரிடம் உண்டு: ஓவியத்தில் வருவது பொதுவான மனித இயல்பு அல்ல, இன்னார் என்ற ஒருவர். மூக்கின் அமைப்பு, முடியின் சுருள் போன்றவைதான் அவரைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டுகின்றன. என் நிபந்தனை இங்கிருந்து பிறக்கிறது. சுருக்கத்தை மழித்து, கோணல் உதட்டை நேராக்கிப் பொறித்த முகம் அழகாக இருக்கலாம். எஞ்சுவது யாருடையதும் அல்லாத பொது முகம்.

புகைப்படம் அந்த உடலிலிருந்து வந்த ஒளியின் தடம், கோடு இன்னொருவரின் அபிப்பிராயம் என்று மறுக்கலாம். வலுவான மறுப்புதான். ஆனால் வெரோனிக்காவின் துணியை எண்ணிப் பாருங்கள். கிறிஸ்துவின் முகம் பட்டுப் பதிந்ததாக மரபு சொல்லும் அந்த உருவத்தை, 1649இல் குளோட் மெலான் செப்புத் தகட்டில் ஒரே கோட்டால் செதுக்கினார். மூக்கு நுனியில் தொடங்கிச் சுழன்று விரியும் அந்தக் கோடு, தடித்தும் மெலிந்தும் கண்ணையும் தாடியையும் காட்டிவிடுகிறது. தொடுதலின் தடம் அதில் துளியும் இல்லை, ஆயினும் பார்ப்பவர் யாரென்று அறிகிறார். தடம் ஒருவர் இருந்ததற்குச் சாட்சி; அவரை அடையாளம் காட்டுவது சாயல்.

இன்று கணினி நொடியில் கோடெடுத்துத் தருகிறதே, இதில் மனிதர் எதற்கு என்பார்கள். இப்படிக் கோடெடுக்கும் எளிய நிரல் பார்ப்பது வெளிச்சம் மாறும் இடங்களை மட்டுமே. கன்னத்துத் தழும்பும் பழைய படத்தாளில் விழுந்த கீறலும் அதற்கு ஒரே மாதிரிக் கோடுகள். எதை வைப்பது, எதை நீக்குவது என்று சொல்ல, அந்த முகத்தோடு வாழ்ந்த ஒருவர் பொறிப்பவர் அருகில் உட்கார வேண்டும்.