பொற்குடமும் டைம்லைனும்

கணந்தோறும் மாறிக்கொண்டிருக்கும் ஒன்றை எந்த உரிமையில் ‘அதே பொருள்’ என்று அழைக்கலாம் என்னும் வினா, பௌத்தர், சமணர், சைவர், நையாயிகர் எனப் பல தரப்பினரையும் பல நூற்றாண்டுகள் வாதத்தில் நிறுத்திய வினாவாகும். தமிழில் இவ்வாதத்தின் தடங்கள் ஆழமானவை: மணிமேகலையின் இறுதிக் காதைகள் பௌத்த அளவையையும் பன்னிரு சார்புகளையும் விரிக்கின்றன, சமண நூலாகிய நீலகேசி பௌத்தரோடு நேர்நின்று வழக்காடுகிறது, 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கம், சௌத்திராந்திகர் முதலான பௌத்தப் பிரிவினரின் கொள்கைகளை எடுத்துக்கூறி மறுக்கிறது. இன்று இவ்வினா ஏட்டளவில் உறங்குவதாகத் தோன்றினும், கணினியில் படத்தொகுப்புச் செய்பவர் தாம் அறியாமலே நாள்தோறும் அதற்குச் செயலால் ஒரு விடை அளித்துவருகிறார்; அவ்விடை பிழைத்தால் ஒலி உதட்டோடு ஒட்டாது, படம் திறக்காது, சில வேளைகளில் படமே இருக்காது.

உள்ள பொருள் யாவும் தோன்றிய கணத்திலேயே அழிகின்றன என்பது பௌத்தரின் கணபங்க வாதம். அழியும் கணம் தன்னை ஒத்த மறுகணத்தைப் பிறப்பித்துவிட்டு அழிவதால் அங்கே ஒரு தொடர் அமைகிறது என்றும், ‘சந்தானம்’ எனப்படும் அத்தொடரையே மக்கள் நிலைத்த பொருளென்று மயங்குகின்றனர் என்றும் அவர்கள் கூறினர். இரவு முழுதும் எரியும் விளக்கின் சுடர் அவர்கள் விரும்பிக் காட்டிய சான்று. இதைக் கேட்டதும் திரைப்படத்தின் நினைவு எழுவது இயல்பே. ஏனெனில் நொடிக்கு 24 அசைவற்ற படங்கள், தொழில்வழக்கில் ஃப்ரேம்கள், அடுத்தடுத்துத் தோன்றி மறைவதையே கண் ஓட்டமாகக் காண்கிறது. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஆன்ரி பெர்க்சன் 1907இல் வெளியிட்ட நூலில் இவ்வுவமையை மறுதலையாகக் கையாண்டு, மனித அறிவு உலகத்தைத் திரைப்படக் கருவிபோல் அசைவற்ற துண்டுகளாக்கியே அறிகிறது என்றும், அத்துண்டுகளை எத்தனை அடுக்கினாலும் உண்மையான இயக்கம் பிறவாது என்றும் வாதிட்டார்.

எளிதில் கைக்கு எட்டும் உவமை என்பதாலேயே இது ஐயத்திற்கும் உரியது. சுடரின் முன்கணம் பின்கணத்தைப் பிறப்பிக்கிறது. ஃபிலிம் சுருளில் ஏழாம் ஃப்ரேம் எட்டாம் ஃப்ரேமைப் பிறப்பிப்பதில்லை, இரண்டும் ஒன்றையொன்று அறியாத அயலார்போல் அருகருகே கிடக்கின்றன. சந்தானத்திற்கு இன்றியமையாத காரண காரிய உறவு சுருளில் இல்லை. அவ்வுறவு, காட்சி கணினிக் கோப்பாக மாறி, அதைச் சுருக்கிச் சேமிக்கும் கணித முறையாகிய கோடெக் வந்தபின்னரே அமைந்தது; அதுவும் பௌத்தரே எதிர்பார்த்திராத ஒரு வடிவில் அமைந்தது.

2003இல் தரப்படுத்தப்பட்டு, கைபேசி முதல் நடுத்தர விலைக் கேமரா வரை பரவியுள்ள எச்.264 என்னும் கோடெக்கில் ஃப்ரேம்கள் மூவகைப்படும். ஐ-ஃப்ரேம் தன் படம் முழுவதையும் தானே தாங்கி நிற்பது. பி-ஃப்ரேம் முந்தைய ஃப்ரேமிலிருந்து தான் வேறுபடும் அளவை மட்டும் குறித்துவைத்து, எஞ்சியதை முன்னதிடமிருந்து கடன் வாங்குவது. இரு திசை ஃப்ரேம் எனத்தக்க மூன்றாம் வகை, தனக்கு முன் தோன்றுவதோடு பின்னால் திரையில் தோன்றவிருப்பதையும் சார்ந்து நிற்பது. இது இருந்தால் அது தோன்றும் என்னும் பௌத்தரின் சார்பில் தோற்றக் கொள்கையை இதனினும் தெளிவாகக் காட்டும் இயந்திரம் அரிது. பின்வருவதைச் சார்ந்து முன்னது அமையும் என்பது காரணம் காரியத்திற்கு முற்பட்டது என்னும் பொது நெறியைப் புரட்டுவதுபோல் தோன்றினும், கோப்புக்குள் ஃப்ரேம்கள் திரையில் தோன்றும் வரிசையில் அன்றி, விரித்தெடுக்கப்படும் வரிசையிலேயே அடுக்கப்பட்டுள்ளன. எனவே காரணம் அங்கும் முன்னரே வந்துவிடுகிறது, புரள்வது பார்வையாளரின் காலம் மட்டுமே.

படத்தொகுப்பாளரின் முதல் இடர் இச்சார்பிலிருந்தே எழுகிறது. டைம்லைனில், அதாவது துண்டுகளைக் கால வரிசையில் அடுக்கும் பலகையில், ஓர் இடத்தில் வெட்டு விழும்போது அங்குள்ள ஃப்ரேம் தனித்து நிற்க இயலாத ஒன்றாயின், கணினி பின்னோக்கி ஓடி அருகிலுள்ள ஐ-ஃப்ரேமைக் கண்டறிந்து, அங்கிருந்து ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டு வந்தால்தான் அந்த ஓர் ஃப்ரேமைக் காட்ட முடியும். முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கையில் திரை திக்கித் திணறுவது பெரும்பாலும் இதனாலேயாகும். புதிய கணினி வாங்குமுன் இதைச் சீர்செய்து பார்ப்பதே முறை. அதற்குரிய வழி, மூலக் காட்சிகளை ஒவ்வொரு ஃப்ரேமும் தன்னளவில் முழுமையாக நிற்கும் இடைநிலைக் கோடெக்குக்கு மாற்றிக்கொள்வது. ஆப்பிளின் ப்ரோரெஸ், அவிட்டின் டிஎன்எக்ஸ்எச்டி ஆகியவை அவ்வகையின. அந்தத் தன்னிறைவுக்கு விலையும் உண்டு: 1920-க்கு 1080 அளவுள்ள காட்சி, நொடிக்கு ஏறத்தாழ 30 ஃப்ரேம் வேகத்தில், ப்ரோரெஸ் 422 வடிவில் நொடிக்கு 147 மெகாபிட் கொள்வதால், ஒரு மணி நேரக் காட்சிக்கு ஏறத்தாழ 66 ஜிகாபைட் இடம் வேண்டும். அவ்வளவு இடம் இல்லாதோர் நொடிக்கு 45 மெகாபிட் அளவிலான ப்ராக்ஸி, அதாவது வேலைக்கு மட்டுமான எளிய பதிலிப்படம், ஒன்றை உருவாக்கித் தொகுத்துவிட்டு, இறுதியில் மூலத்தோடு இணைத்து வெளியெடுக்கலாம்.

கணங்கள் சம அளவினவா என்னும் கேள்வியும் இங்கு நடைமுறைச் சிக்கலாகிறது. கைபேசிகள் பலவும் வெளிச்சத்திற்கும் கருவியின் சுமைக்கும் ஏற்பக் கணத்தை நீட்டியும் குறுக்கியும் பதிவதால், நொடிக்கு இத்தனை ஃப்ரேம் என்னும் எண்ணிக்கை ஒரே காட்சிக்குள் மாறிக்கொண்டே இருக்கும். அக்காட்சியை அப்படியே டைம்லைனில் வைத்தால், தொடக்கத்தில் பொருந்தியிருந்த ஒலி போகப்போக உதட்டைவிட்டு நழுவக்கூடும். தொகுப்பைத் தொடங்குமுன்னரே நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்வது, பாதி வழியில் ஒலியை இழுத்து ஒட்டவைப்பதைவிட எளிது.

பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பற்றிய பழைய வாதத்திற்கு வட அமெரிக்கத் தொலைக்காட்சி ஓர் அரிய எடுத்துக்காட்டை அளிக்கிறது. அங்கு வண்ண ஒளிபரப்பு வந்தபோது நொடிக்கு 30 என்றிருந்த ஃப்ரேம் வேகம் 29.97 ஆகக் குறைந்தது. ஆனால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் மணி, நிமிடம், நொடி, ஃப்ரேம் என எண் இடும் டைம்கோடு நொடிக்கு 30 என்றே எண்ணியதால், ஒரு மணி நேரத்தில் 108 எண்கள் மிகையாயின. கடிகாரத்திற்கும் டைம்கோடுக்கும் 3.6 நொடி வேற்றுமை விழுந்தது. அதைச் சரிக்கட்ட வகுக்கப்பட்ட ‘டிராப் ஃப்ரேம்’ முறையில், ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 என்னும் இரு எண்கள் தாண்டப்படுகின்றன, பத்தாம் நிமிடங்களில் மட்டும் தாண்டப்படுவதில்லை. எண்ணே கைவிடப்படுகிறது, ஃப்ரேம் ஒன்றும் கைவிடப்படுவதில்லை. ஆயினும் அம்முறையின் பெயரைக் கேட்டுப் படத்தில் ஃப்ரேம் குறைகிறது என்று அஞ்சுவோர் இன்றும் உளர். 25 ஃப்ரேம் மரபில் வளர்ந்த இந்தியாவிலும் இலங்கையிலும் இச்சிக்கல் பொதுவாக எழுவதில்லை. கனடாவிலோ அமெரிக்காவிலோ ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியைத் தொகுக்கும்போதுதான் எழும்.

இனி வாதத்தின் நடுவிடத்துக்கு வரலாம். கணபங்கத்திற்குச் சமணர் அளித்த விடை, உள்ளது எதுவும் தோற்றம், கேடு, நிலைபேறு ஆகிய மூன்றையும் ஒருங்கே உடையது என்பதாகும். இதை விளக்கச் சமண ஆசிரியர் சமந்தபத்திரர் தம் ஆப்தமீமாம்சையில் ஒரு பொற்குடத்தைக் கொணர்கிறார்: குடத்தை அழித்து முடி செய்யும்போது குடத்தை விரும்பியவன் வருந்துகிறான், முடியை விரும்பியவன் மகிழ்கிறான், பொன்னை மட்டும் விரும்பியவன் இரண்டுமின்றி நிற்கிறான், ஒரே நிகழ்ச்சி மூவரிடம் மூன்று உணர்வுகளை எழுப்புவதால் பொருளில் மூன்று தன்மைகளும் உண்மையாகவே உள்ளன என்பது அவர் வாதம்.

ஃபிலிம் காலத்துத் தொகுப்பறைக்கு இவ்வுவமை கிட்டத்தட்ட அப்படியே பொருந்தியது. தொகுப்பாளர் முதலில் படியெடுத்த பாசிட்டிவ்விலேயே வேலை செய்தார் என்றாலும், முடிவில் நெகட்டிவ்வையே வெட்டி ஒட்ட நேர்ந்தபோது வெட்டை அடுத்த ஃப்ரேம் ஒட்டுக்கு இரையாகிப் பாழானது. வெட்டியதை மீட்டுப் பழைய நீளத்துக்கு நீட்ட வழியில்லை, குடம் போனது போனதுதான். கணினி இந்த இடத்தில்தான் உவமையை உடைத்தது. இன்றைய தொகுப்பு மென்பொருள் மூலக் காட்சியைத் தொடுவதே இல்லை. இன்ன கோப்பில் இந்த ஃப்ரேமிலிருந்து அந்த ஃப்ரேம் வரை, இந்த வரிசையில், இந்த வண்ணத்தோடு காட்டு என்னும் கட்டளைகளை மட்டும் ப்ராஜெக்ட் கோப்பில் எழுதிவைக்கிறது. நூற்றுக்கணக்கான ஜிகாபைட் மூலத்தின் மேல் எழும்பிய ஒரு முழுநீளப் படத்தின் ப்ராஜெக்ட் கோப்பு அம்மூலத்தோடு ஒப்பிட மிகச் சிறியதாகவே இருக்கும். குடத்தை அழிக்காமலே முடி செய்யலாம். அதே பொன்னில் குடமும் முடியும் ஒருசேர இருக்கலாம். இயக்குநர் விரும்பினால் பதினேழாம் வடிவத்தையும் செய்யலாம். சமந்தபத்திரரின் வாதத்திற்கு வேண்டிய கேடு அங்கு நிகழ்வதே இல்லை. காரியம் காரணத்தில் முன்னரே உள்ளது என்னும் சைவ சித்தாந்தச் சற்காரிய வாதமே இந்த அமைப்புக்கு நெருக்கமாக நிற்கிறது. எடுத்த காட்சிக்குள் எல்லா வடிவங்களும் கிடக்க, தொகுப்பாளர் ஒன்றை வெளிப்படுத்துகிறார். ஆனால் சற்காரியத்தோடு சித்தாந்தம் நிமித்த காரணத்தையும் வற்புறுத்தியதை மறக்கலாகாது. மண் தானே குடமாவதில்லை, குயவன் வேண்டும். முடிவெடுக்காமல் வடிவங்களைப் பெருக்கிக்கொண்டே போகும் தொகுப்பறையில் குறைவது குயவனே.

அப்படியாயின் கணினியில் தொகுக்கப்படும் படம் எங்கே இருக்கிறது? மூலக் கோப்புகளில் வரிசை இல்லை. ப்ராஜெக்ட் கோப்பில் படமே இல்லை. இரண்டையும் பிணைப்பது ஒரு முகவரி மட்டுமே, அதாவது எந்த டிஸ்க்கில், எந்த ஃபோல்டரில், என்ன பெயரில் கோப்பு உள்ளது என்னும் குறிப்பு. ஒழுங்குபடுத்தும் நல்லெண்ணத்தோடு யாரோ ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றினாலோ, ஹார்ட் டிஸ்க்கின் எழுத்து மாறினாலோ, மறுநாள் காலை திறக்கும் டைம்லைனில் வெட்டுகள் யாவும் ஃப்ரேம் பிசகாமல் அப்படியே நிற்க, காட்சி இருந்த இடமெங்கும் ‘மீடியா ஆஃப்லைன்’ என்று பல மொழிகளில் அறிவிக்கும் சிவப்புத் திரை விரியும். பொருளில் ஓர் அணுவும் குறையவில்லை, அறிவும் குறையவில்லை, பெயர் ஒன்று நழுவியதில் படம் மறைந்தது. கோப்பு இருக்குமிடத்தைக் காட்டி மீண்டும் இணைத்தால் அனைத்தும் ஒரு நொடியில் மீளும். ஆயினும் கேமராக்கள் பல ஒரே பெயர் வரிசையை மீண்டும் மீண்டும் இடுவதால், இரு நாள்களின் கோப்புகள் ஒரே பெயரில் அமைந்து, தவறான காட்சி சரியான இடத்தில் அமர்ந்துவிடும் ஆபத்து உண்டு. ஆகவே நாள், கேமரா, கார்டு எண் ஆகியவற்றால் ஃபோல்டர்களைப் பிரித்து முதல் நாளிலேயே பெயரிட்டு, தொகுப்பு தொடங்கியபின் எந்தப் பெயரையும் தொடாமல் விடுவது தொகுப்பறையின் முதல் ஒழுக்கமாகிறது. மென்பொருள் ஆக்கிக்கொள்ளும் ரெண்டர், கேஷ் கோப்புகளை இடம் போதாதபோது அழிக்கலாம். சந்தானத்துக் கணங்கள்போல் அவை அழிந்தாலும் அவற்றை ஒத்தவை மீண்டும் தோன்றும்.

கார்டிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்குப் படியெடுத்தது ‘அதே’ காட்சிதானா என்பது எஞ்சும் வினா. நேற்றுக் கண்ட தேவதத்தனே இவன் என்னும் மீளறிவை நையாயிகர் பொருளின் நிலைபேற்றுக்குச் சான்றாக்கினர். வெட்டிய மயிரும் நகமும் மீண்டும் வளர்ந்தபோதும் ‘அதே’ என்றே சொல்லப்படுவதால், அது ஒப்புமையில் எழும் மயக்கம் என்று பௌத்தர் மறுத்தனர். செக்சம் என்பது இவ்வழக்கின் இன்றைய வடிவம்: ஒரு கோப்பின் பிட்டுகள் அனைத்தையும் கணித்துப் பெறும் குறுகிய குறியீட்டு எண்ணை மூலத்திற்கும் படிக்கும் தனித்தனியே கண்டு, இரண்டும் ஒத்தால் படி பிழையற்றது எனக் கொள்வது. அது எது மூலம், எது படி என்று ஒருபோதும் சொல்லாது. அவ்வளவில் பௌத்தர் வென்றனர் என்றே கொள்ள வேண்டும். தொகுப்பாளருக்கு அது போதும். மூன்று படிகள், இரு வேறு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ என்னும் காப்பு முறை, எந்தப் படியும் மூலத்துக்கு நிகர் என்னும் நம்பிக்கையின் மேலேயே நிற்கிறது.

ஆயினும் பொற்குட உவமையில் இன்னொரு திரிபும் நேர்ந்துவிட்டதைக் குறிக்க வேண்டும். சமந்தபத்திரரின் மூவருள் பொன்னை விரும்பியவனே கவலையற்றவன். குடமும் முடியும் அவனுக்கு ஒன்றே. தொகுப்பறையில் குடம் விரும்பும் இயக்குநரும் முடி விரும்பும் தயாரிப்பாளரும் பழைய வடிவத்தைத் திறந்து அமைதி கொள்ள, பொன்னுக்குப் பொறுப்பான உதவியாளரே உறக்கமின்றி அமர்ந்திருக்கிறார். படப்பிடிப்பு முடிந்த இரவில், மறுநாள் காலை ஆறு மணிக்குக் கேமராவுக்கு வேண்டிய கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டாம் டிஸ்க்கின் செக்சம் ஒத்துவரும் வரை அவர் அதை ஃபார்மேட் செய்யக் கொடுப்பதில்லை.